மூன்று வான், நான்கு கோபக்காரர்

உப்புவெளி,
திருகோணமலை.

மதிப்புக்குரிய மச்சான் தர்மகுலசிங்கம் அவர்களுக்கு,

இங்கு நானும் உங்கள் தங்கை குணேஸ்வரியும் சுகம். நீங்களும் சுகம்தான் என்பதை, போன வெள்ளி மீன் சந்தையில் என்னைக் கண்டதும் நீங்கள் திரும்பி நடந்த வேகத்திலேயே அறிந்துகொண்டேன். போன் எடுத்தால் வெட்டிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

என் மகள் நிரோஜினி கணிதத்தில் முதுமாணி படிக்கப் புறப்பட்ட அன்று, என் வீட்டுக் கதிரையில் இருந்து என் வீட்டுத் தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே, "கூட்டல் கழித்தல் எல்லாம் எப்பவோ கண்டுபிடிச்சாச்சு. இன்னும் படிக்க என்ன மிச்சம் கிடக்கு?" என்று கேட்டீர்கள். அந்தச் சந்தேகம் எனக்கும் இருந்தது. ஆனால் என் பிள்ளையை நான் சந்தேகிக்கலாம், நீங்கள் கேட்கலாமா? அன்றோடு நம் பேச்சு நின்றது.

பிள்ளை இப்போது படிப்பை முடித்துவிட்டாள். நடுவில் ஒருமுறை, மாதக்கணக்காக உழைத்த நிறுவல் பிழை என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் என்னிடம் ஒரு பிழை பிடிபட்டால் எனக்கு இரண்டு நாளைக்குச் சோறு இறங்காது. இவளோ வீட்டுக்கு வந்து புட்டை இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டுவிட்டு, "பிழை எங்கை எண்டு தெரிஞ்சிட்டுது அப்பா, இனிப் பயமில்லை" என்கிறாள். எனக்குப் பெருமையாக இருந்தது, மச்சான். மறைக்க மாட்டேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். உங்கள் இளைய தங்கை மகன் திலக்சனின் கல்யாணம் கிளிவெட்டியில், பெண் வீட்டில். முகூர்த்த மாதம் என்பதால் வாடகைக்கு வாகனம் விடும் லாபிரிடம் மூன்று வான்தான் கிடைத்தது. பஸ்ஸில் போய் இறங்கினால் மாப்பிள்ளை பகுதிக்கு மரியாதை இல்லை. நீங்கள், நான், சுலோஜனா மச்சாள், உங்கள் சித்தப்பா மகன் கஜீபன் ஆகிய நால்வரில் எவரும் எவருடனும் கதைப்பதில்லை. ஒரு கிழமையாக நானும் குணேஸ்வரியும் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து, கடதாசியில் ஆட்களை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தோம். சுலோஜனாவை ஏற்றினால் கஜீபன் இறங்குகிறார், கஜீபனை ஏற்றினால் நான் இறங்குகிறேன், கடைசியில் குணேஸ்வரியே "நான் வரேல்லை" என்று இறங்கிவிட்டாள். அப்போதுதான் நிரோஜினி வந்தாள்.

"எத்தினை வான் அப்பா?"

"மூண்டு."

"கதைக்காத ஆக்கள்?"

"நாலு."

"அப்ப ஏலாது. எப்பிடி ஏத்தினாலும் ரெண்டு பேர் ஒரே வானிலைதான் வருவினம்."

இதற்கா முதுமாணி என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "ஏலாது எண்டு தெரிஞ்சால், மாத்தி மாத்திப் பாத்துச் சண்டை பிடிக்கிறதை நிப்பாட்டலாம் எல்லே?" என்றாள். அன்று மத்தியானம் எங்கள் குசினி அமைதியாக இருந்தது.

"சரி, எந்த ரெண்டு பேர்?" என்று கேட்டேன்.

"அதைக் கணக்குச் சொல்லாது. நீங்கள்தான் முடிவெடுக்கோணும். பெரிய மாமாவைக் கேளுங்கோவன்."

"அவன் உன்னைக் கேட்ட கேள்வி மறந்துபோச்சோ?"

"அது நல்ல கேள்வி அப்பா. என்ன மிச்சம் கிடக்கு எண்டு பாக்கத்தானே நான் போனனான்."

அவளுக்கே வராத கோபத்தை நான் இத்தனை நாளாகச் சுமந்து திரிந்திருக்கிறேன்.

ஆகவே நீங்கள் என் வானில் வரவேண்டும். கதைக்கத் தேவையில்லை, இருந்தால் போதும். யன்னல் பக்கம் மட்டும் எனக்கு. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

உங்கள் முழங்கால் நோவும், அதற்கு முன்னே கோபமும் குறைய கோணேசர் அருள்புரிவாராக.

இப்படிக்கு,
கணக்கின்படி வேறு வழியில்லாத மச்சான்,
கனகரத்தினம்.

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது லாபிர் போன் எடுத்து, "நாலாவது வானும் கிடைச்சிருக்கு சேர், அனுப்பவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றுவிட்டேன். யன்னல் பக்கத்தை நீங்களே எடுங்கோ.