இத்தாலி வைத்த கட்அவுட்

காலை ஆறு மணி பத்து நிமிடம். பேப்பர் கட்டை எடுக்கப் பேருந்து நிலையம் போன நான் முதலில் பார்த்தது இரண்டு கண்களை. ஒவ்வொன்றும் சைக்கிள் சக்கரம் அளவு. அவற்றுக்குக் கீழே ஒரு மனிதர் நாற்பது அடி உயரத்துக்கு நின்றார். பால்காரர் செருப்பைக் கழற்றியிருந்தார். நிற்பது சாமி இல்லை, நகராட்சித் தேர்தலில் நிற்கும் தீப்பெட்டி ஆலை முதலாளி என்று தெரிந்த பிறகும் அவர் செருப்பை மாட்டவில்லை.

அந்தக் கட்அவுட்டை வரைந்தவர் பெயின்டர் இத்தாலி. ஊரையே அண்ணாந்து நிற்கவைக்க அவரைப்போல் ஓர் ஆள் கோவில்பட்டியில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. தொண்ணூறுகளில் எங்கிருந்தோ ஓர் இத்தாலி நாட்டுக் காலண்டர் அவர் கைக்கு வந்தது; அந்தப் பெயரே அவருக்கு ஒட்டிக்கொண்டது. அதில் கவணோடு நிற்கும் ஓர் இளைஞனின் பளிங்குச் சிலை. சிலையின் உடம்பில் துணி இல்லை என்பதால் இத்தாலியே பேனாவால் ஒரு வேட்டி வரைந்துவிட்டிருந்தார்.

முதலாளி கேட்டது வழக்கமான கும்பிடும் சிரிப்பும்தான். இத்தாலி மறுத்து, காலண்டரை விரித்துக் காட்டினார்.

“கும்பிட்டா பிச்சை கேக்குற மூஞ்சிதான் வரும் அண்ணாச்சி. அந்த ஊருல எசமான்மாரை வெரட்டிட்டு, ராட்சசனக் கொன்ன இந்தப் பையன சபை வாசல்ல நிப்பாட்டுனாவ. வெரட்டுனவன் திரும்பி வந்தா எந்தப் பக்கமா வருவானோ, அங்கன பாக்கான் பாருங்க.”

“எனக்கு ஓட்டு இத்தாலியிலயா இருக்கு? கோவில்பட்டியிலல்லா இருக்கு!”

“மொறைப்பு எல்லா ஊருக்கும் ஒண்ணுதான்.”

கண்கள் எதிர் வேட்பாளரான ஜவுளிக்கடைக்காரரின் மாடியைப் பார்த்தன. அன்று பல்துலக்க வெளியே வந்தவர், வாயில் நுரையோடு உள்ளே போனார். வாக்குப்பதிவுவரை அந்தக் கதவு திறக்கவில்லை. கட்அவுட்டின் காலடியில், “தெருவுக்குத் தெரு தெனம் தண்ணி லாரி!” என்று கூட்டத்துக்குக் கூட்டம் முழங்கிய முதலாளி ஜெயித்து நகராட்சித் தலைவரானார்.

சித்திரை வந்தது. லாரி வரவில்லை. பிளாஸ்டிக் குடங்கள் காய்ந்த குழாயடியில் வரிசையாகக் கிடந்தன. ஒரு நாள் விடிகாலையில் இத்தாலி நாலு சுமைதூக்குகிறவர்களோடு சாரத்தில் ஏறி, கட்அவுட்டைத் திருப்பிக் கட்டினார். கண்கள் இப்போது நகராட்சி அலுவலக வாசலைப் பார்த்தன.

தலைவரின் கார் வந்து நின்றது.

“ஏலே இத்தாலி! எம் மூஞ்சி என்னையவே மொறைக்குதுல!”

“தண்ணி தாரேன்னு சொன்ன மூஞ்சில்லா அது. வேற யாரைப் பாக்கும்?”

“எறக்குங்கல அதை!”

அவருடைய கட்சிக்காரர்கள் ஒருவரும் அசையவில்லை. “பதவியில இருக்கையில தலைவர் தலைய எறக்குனா வெளங்காது அண்ணாச்சி,” என்றார் வட்டச் செயலாளர். கூட்டம் ஆமோதித்தது. சாரத்தின் உச்சியில் உட்கார்ந்திருந்த இத்தாலி, அந்தப் பெரிய மூக்கின்மேல் படிந்த தூசியைத் தன் தோள்துண்டால் மெல்லத் துடைத்துக்கொண்டிருந்தார். தலைவர் கழுத்து வலிக்கும்வரை அண்ணாந்து பார்த்தார். பிறகு காரில் ஏறிக்கொண்டார்.

அந்த வாரமே தண்ணீர் லாரி வந்தது. தலைவர் பதவிக்காலம் முடியும்வரை அலுவலகத்துக்குப் பின்வாசல் வழியாகவே போய்வந்தார்.