மூன்றெழுத்தில் வாங்கிய வழிகாட்டி

எனக்கு எண்பத்தாறு வயதாகிறது. பெற்றது மூன்று, வளர்த்தது ஐந்து. ஐந்தும் தலைநிமிர்ந்து நிற்கின்றன. இதைப் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இனிமேல் சொல்லப்போவதில் பெருமைப்பட ஒன்றும் கிடையாது.

பள்ளிக்கூடத்தில் எழுத்துகளின் பெயர் தெரியும் வரைக்கும்தான் இருந்தேன். அதை வைத்துச் சொந்தமாக ஒரு வாசிப்பு உண்டாக்கிக்கொண்டேன். முதல் மூன்று எழுத்தைப் பார்ப்பது. மிச்சத்தை நானே போட்டுக்கொள்வது. பஸ்ஸின் நெற்றியில் தெ, ன், கா என்றிருந்தால் தென்காசி. சு, ர என்றாலே சுரண்டை. (இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் பிழைக்க இது தாராளம். கடலைத் தாண்டினால்தான் பற்றாது.)

என் வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதினார். ஐம்பதுகளில் ஓர் ஆடி மாதம், அவருக்கு நெஞ்சுச் சளி முற்றிப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகக் கடையிலிருந்து ஆள் வந்து சொன்னார். என்னைப் பார்க்க வேண்டும் என்கிறாராம். போவதற்கான காகிதங்களைக் கடைக்காரர்களே தயார் செய்தார்கள். என் நாத்தனார் செல்லம்மாவுக்கு ஒரே கவலை.

"மதினி, அங்கன சிங்களம்லா பேசுதாவ. நீ என்னத்தப் பேசுவ?"

"அதுக்குப் புஸ்தகம் இருக்கு."

"இருக்கு. வாசிக்கத்தான் ஆளு வேணும்."

இந்தப் பேச்சுதான் என்னைக் கெடுத்தது.

அவருக்காகக் குற்றாலநாதருக்கு அர்ச்சனை செய்யப் போனோம். சாரல் காலம். கோயில் வாசலில் பலாச்சுளைக் கடைக்குப் பக்கத்தில் ஒருவர் தார்ப்பாய் கட்டிப் புத்தகம் விற்றுக்கொண்டிருந்தார். "வழிகாட்டி இருக்கா அண்ணாச்சி?" என்று செல்லம்மாவுக்குக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

"எந்த ஊருக்குத் தாயி போறீய?"

ஊரைச் சொல்லியிருந்தால் சரியானதை எடுத்துக் கையில் கொடுத்திருப்பார். நானோ, "நீங்க காட்டுங்க, எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றேன்.

இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று படமில்லாத ஒல்லிப் புத்தகம். இ, ல என்று தொடங்கியது. இலக்கணம்! ஊருக்குப் போகிறவளுக்கு இலக்கணம் எதற்கு என்று தள்ளி வைத்தேன். (கொழும்பை எங்கள் பக்கத்தில் கொழும்பு என்போம், சிலோன் என்போம். இலங்கை என்றால் அனுமார் தீ வைத்த ஊர்.) இன்னொன்று தடிமன், அட்டையில் சிங்கம். சி, ங், க. அவ்வளவுதான், சிங்களம்! செல்லம்மா முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டு மடியில் கட்டிக்கொண்டேன்.

தனுஷ்கோடி வரை என் அண்ணன் வந்தான். கப்பலிலும் அக்கரை ரயிலிலும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களை எழுத்துக்கூட்டி மனப்பாடம் செய்தேன். சோற்றுக்கு நாசி. எங்கே என்பதற்கு மானா. ஆஸ்பத்திரிக்கு ருமா சாகிட். அந்த 'சா' எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் அவருக்காகப் படித்தேன்.

"கோட்டையில இறங்கு, ஆள் நிப்பாரு" என்று சொல்லியிருந்தார்கள். கோட்டை என்றால் எனக்குத் தெரிந்தது செங்கோட்டை. கொழும்பில் ஏது கோட்டை என்று, கூட்டம் இறங்கிய முந்தின ஸ்டேஷனிலேயே நானும் இறங்கிவிட்டேன். வெளியே நின்ற ரிக்‌ஷாக்காரரிடம், "மானா ருமா சாகிட்?" என்றேன்.

அவர் பக்கத்து ரிக்‌ஷாக்காரரிடம் நல்ல தமிழில் சொன்னார்: "பாவம்ப்பா, யாரோ சாகக் கெடக்காங்க போல. என்ன பாஷைன்னே வெளங்கல."

தமிழ் கேட்டதும் நான் வாயைத் திறந்திருக்க வேண்டாமா? திறக்கவில்லை. ஸ்டேஷனில் தமிழில் நைச்சியமாகப் பேசி ஏமாற்றுகிறவர்கள் உண்டு என்று என் வீட்டுக்காரர் முன்பொரு கடிதத்தில் எழுதியிருந்தார். இன்னும் விறைப்பாக, "ருமா சாகிட்!" என்றேன். ரிக்‌ஷாக்காரர் பயந்துபோய் ஒரு போலீஸ்காரரைக் கூட்டிவந்தார்.

பதற்றத்தில் எனக்கு "மானா, மானா?" மட்டும்தான் வாயில் வந்தது; அதைக் கேட்டதும் போலீஸ்காரர் முகம் மலர்ந்தது. அவர் மலாய்க்காரர், முப்பாட்டன் காலத்திலேயே அங்கே வந்து தங்கிய குடும்பம். கடகடவென்று என் புத்தகத்துப் பாஷையிலேயே பேசினார். எனக்குக் கேள்விதான் தெரியும், பதில் தெரியாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடல் கடந்து வந்த சொந்தக்காரி என்று நினைத்துத் தன் வீட்டுக்கே அழைத்துப் போய்விட்டார்.

அவர் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் "நாசி" என்றேன். சோறு வந்தது. சாப்பிட்டேன். பொழுது சாயும் வரைக்கும் அந்த அம்மா பேச, நான் தலையாட்டினேன். சும்மா எழுந்து, "நான் தென்காசிக்காரி, என் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்" என்று சொல்ல வாய் வரவில்லை. வெட்கம்.

போலீஸ்காரர் வேலை முடிந்து வீடு திரும்பிய நேரத்தில் வாசலில் மீன்காரர் வந்தார். அந்த அம்மா அவரிடம் தமிழில் விலை கேட்டார். அவர் சொன்னதுதான் தாமதம், என் வாய் என்னைக் கேட்காமல் திறந்துகொண்டது: "செவுளு வெளுத்துக் கெடக்கு, வாங்காதீய!"

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"தமிழ் பேசுறீங்களே!" என்றார் போலீஸ்காரர். "எங்க போகணும் உங்களுக்கு?"

சொன்னேன். அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "நீங்க நின்ன எடத்துல இருந்து நடந்தே போயிருக்கலாமே அம்மா!"

ரிக்‌ஷா பிடித்து ஓடினோம். பார்வையாளர் நேரம் முடியப்போகிறது என்று காவலாளி தடுக்க, போலீஸ்காரர் சண்டை போட்டு உள்ளே விட்டார். கட்டிலில் எலும்பாகக் கிடந்தார் என் வீட்டுக்காரர். பக்கத்தில் கடை ஆள். "காலையில இருந்து வாசலையே பாத்துக்கிட்டுக் கெடந்தாரு அம்மா."

"எங்கட்டி போன?" என்றார். குரல் இல்லை, காற்றுதான். நான் புத்தகத்தை நீட்டினேன். அட்டையை முழுசாக வாசித்தார். "சிங்கப்பூர்." பிறகு சிரித்தார். இருமினார், மறுபடி சிரித்தார். "ஏட்டி, சிங்கப்பூர் வழியாவா என்னயப் பாக்க வந்த? மிச்ச எழுத்தையும் வாசிச்சிருக்கக் கூடாதா?"

மணி அடித்துவிட்டார்கள். விடியும்முன் அவர் போய்விட்டார்.

நான் வந்ததால் அந்த உயிர் நின்றிருக்காது. அது எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பகல் முழுதும் அவர் பக்கத்தில் இருந்திருக்கலாம். அதை நான் யாரோ வீட்டில் தலையாட்டிக் கழித்தேன்.

ஊருக்கு வந்ததும் செல்லம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "அண்ணன் கடைசியா என்ன சொன்னாவ மதினி?" என்று கேட்டாள். சொன்னேன். ஒப்பாரிக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. துக்கத்துக்கு வந்தவர்கள் எங்களை ஒரு மாதிரி பார்த்தார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் தாமதமாக வந்தாலும், "என்ன, சிங்கப்பூர் வழியா?" என்றுதான் கேட்பார்கள்.

அதற்குப் பிறகு நான் எதையும் கடைசி எழுத்து வரைக்கும் வாசிக்காமல் விட்டதில்லை. மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, வெல்லம் மடித்த காகிதம் எதுவும் தப்பாது. இதை எழுதத்தான் ரொம்ப நாள் ஆயிற்று. கண் முன்னைப்போல் இல்லை. என் பேத்தி காலேஜிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறாள்.

ஏட்டி, இங்கன வா. இத எனக்கு வாசிச்சுக் காட்டு. மொத மூணு எழுத்தப் பாத்துட்டு நீயாச் சொல்லக் கூடாது, ஆமா.