விடு, விடாதே

நான் புத்திசாலி என்று நானே நம்பிய நாளெல்லாம் எனக்கு வினையாகத்தான் முடிந்திருக்கிறது. அதில் பெரிய வினை ஒரு வினைச்சொல்லால் வந்தது.

துவாஸ் தொழிற்பேட்டையில் கிடங்கு மேற்பார்வையாளர் வேலையை உதறிவிட்டு, ஒரு கல்லூரியின் ஆண்கள் கால்பந்து அணிக்குக் கோச்சாகச் சேர்ந்திருந்தேன். மூன்று மாதம் தற்காலிகம். அணி அரையிறுதிக்குப் போனால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் மறுபடி துவாஸ். தமிழாசிரியையான என் மனைவி கவிதா, எதற்கும் பழைய முதலாளியிடம் சிரித்துப் பேசிவிட்டே வாருங்கள் என்றாள். (என்ன ஒரு நம்பிக்கை!)

கடைசி லீக் ஆட்டத்தை டிரா செய்தாலே போதும், அரையிறுதி. ஆனால் நான் ஆங்கிலத்தில் கத்துவதெல்லாம் எதிரணிக்கும் கேட்டுத் தொலைக்கிறதே! அப்போதுதான் மண்டையில் பல்பு எரிந்தது. தமிழில் கத்தினால்?

என் பையன்கள் எல்லாரும் சீனர், மலாய்க்காரர். ஒரே ஒரு தமிழ்ப் பையன் பிரகாஷ். வீட்டிலும் ஆங்கிலம்தான் என்பதால் நான் சொல்லித்தந்த மூன்று சொல்லைப் பிடித்துக்கொள்ள அவனுக்குத்தான் மற்றவர்களைவிட அதிக நாள் ஆனது. 'அடி' என்றால் கோலை நோக்கி உதை. 'குடு' என்றால் பாஸ். 'விடு' என்றால் பந்தைத் தொடாமல் விலகு, அது தானாக வெளியே போய்விடும். கோல்கீப்பர் ஹஃபிஸ் மூன்றையும் கையுறையிலேயே எழுதி வைத்துக்கொண்டான். நான் ஏதோ ராணுவ ரகசியம் கண்டுபிடித்தவன் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

ஆட்டம் முடிய இரண்டு நிமிடம். இரு பக்கமும் கோல் இல்லை. எதிரணிக்காரன் ஒருவன் சரியாகப் படாமல் உதைத்த பந்து எங்கள் கோலை நோக்கி மெதுவாக உருண்டு வந்தது. ஹஃபிஸ் குனிந்தால் எடுத்துவிடலாம். சும்மா இருந்திருக்க வேண்டியதுதானே நான்? பதற்றத்தில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"விடாதே! விடாதே!"

எதிர்மறையை நான் சொல்லித்தரவே இல்லை. தடுப்பாட்டக்காரன் வெய் லியாங் சட்டென்று விலகினான். ஹஃபிஸ் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்கு வழிவிடுகிறவன் மாதிரி மரியாதையாக ஒதுங்கினான். பந்து உள்ளே போனது. அதற்குப் பிறகும் அந்தப் பாவி என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினான்.

எதிரணிக் கோச் கைகுலுக்க வந்தார். தாடி வைத்த பெரியவர், மலாய்க்காரர் என்றே நினைத்திருந்தேன். "தம்பி, நமக்கு பூர்வீகம் நாகூர். நீங்க கத்துனதெல்லாம் நம்ம பசங்களுக்கு மலாய்ல சொல்லிக்கிட்டே இருந்தேன். 'விடாதே'ன்னதும் உங்க பசங்க ஒதுங்கினதைப் பாத்து எனக்கே பதறிடுச்சு லா" என்றார்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கவிதா சோபாவிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து சிரித்தாள். எனக்கு அழுகை வந்தது.

திங்கட்கிழமை கல்லூரி விளையாட்டுத் துறைத் தலைவி கூப்பிட்டார். கண்டிப்பான சீனப் பெண்மணி. தோற்றதற்குக் காரணம் கேட்டார். இலக்கணம் என்று எப்படிச் சொல்வது? அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு மொத்த அணியும் உள்ளே வந்தது. நான் கத்தியதற்கு என்ன அர்த்தம் என்று பிரகாஷ் அவன் அம்மாவிடம் கேட்டு எல்லாருக்கும் சொல்லியிருக்கிறான். ஹஃபிஸ் என்னைச் சுட்டிக்காட்டி, தலைவியைப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகச் சொன்னான்.

"வி-டா-தே."

மற்றவர்களும் சேர்ந்து சொன்னார்கள். அதற்கு என்ன பொருள் என்று தலைவி என்னிடமே கேட்டார். என்னைப் போகவிட வேண்டாம் என்கிறார்கள் என்று என் வாயாலேயே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. அவர் சிரித்துவிட்டு இன்னும் ஒரு வருடம் கொடுத்தார். ஆங்கிலத்தில் மட்டும் கத்த வேண்டும் என்பது நிபந்தனை.

வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் அதே அணிக்குத்தான் கோச். கவிதாவோ ஆண்டுதோறும் வகுப்பில் எதிர்மறை ஏவலுக்கு என் கதையைத்தான் உதாரணமாகச் சொல்கிறாள். தேக்கா மார்க்கெட்டில் முன்பின் தெரியாத பிள்ளைகள் என்னைக் கண்டதும் "சார், விடாதே!" என்று கத்துகிறார்கள். நானும் கையிலிருக்கும் மீன் பையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன்.