கூட்டினால் ஐந்து வரும் துப்பாக்கி

காப்பெல், டெக்ஸஸ்
அக்டோபர் 1999

மதிப்புக்குரிய மயில்சாமி மாமா அவர்களுக்கு, தங்கள் தங்கை மகள் எழிலரசி பயபக்தியுடன் எழுதிக்கொள்வது. பக்தி வழக்கமானது, பயம் இந்த வாரம் புதிதாகச் சேர்ந்தது. இங்கு நாங்கள் அனைவரும் சுகம். நவம்பர் முதல் வாரத்துக்குப் பிறகும் சுகமாக இருப்போமா என்பது இந்தக் கடிதம் எவ்வளவு சீக்கிரம் நம் ஊர் கோபிக்கு வந்து சேர்கிறது என்பதைப் பொறுத்தது. அத்தையும் கவினும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்கென்ன, உங்கள் வீட்டில் யாரும் துப்பாக்கி வாங்கவில்லை.

அம்மாவும் அப்பாவும் தூங்கிய பிறகு துணி அலமாரிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த நாட்டில் அலமாரிக்குள்ளேயே விளக்கு வைத்திருக்கிறார்கள். அப்பாவின் பேன்ட் அடிக்கடி முகத்தில் இடிப்பதால் எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளவும்.

ஆம், அப்பா துப்பாக்கி வாங்கிவிட்டார். பதறாதீர்கள், அவர் சுடப்போவதில்லை. நான் சுடப்போகிறேன். இப்போது பதறலாம்.

அப்பாவின் மேனேஜர் பெயர் டுவைன். அப்பாவின் பெயரை முழுவதும் சொல்ல வராமல் "நஞ்சு" என்றுதான் கூப்பிடுவார். அதற்கு அர்த்தம் என்ன என்று அவரிடம் இதுவரை யாரும் சொல்லவில்லை. எங்கள் க்ரீன் கார்டு பேப்பரில் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர்தான். பேப்பர் அவர் ஆபீஸ் பையில் கோடையிலிருந்து தூங்குகிறது. அதனால் அவர் "நஞ்சு, மான் வேட்டைக்கு வர்றியா?" என்று கேட்டதும் அப்பா மறு பேச்சில்லாமல் சரி என்றுவிட்டார். அவர் "கிணற்றில் குதிக்கலாமா?" என்று கேட்டிருந்தாலும் அப்பா எந்தப் பக்கம் என்றுதான் கேட்டிருப்பார். உங்களுக்குத் தெரியும், நம் வீட்டில் கோழி அடிக்கும்போது அப்பா பால் வாங்கப் போய்விடுவார்.

டுவைன் அங்கிள் வேட்டையாடும் கிழக்கு டெக்ஸஸ் காடு ரொம்ப அடர்த்தியாம். கடையில் விற்கிற நீளத் துப்பாக்கியைத் திருப்பினால் கொடியில் மாட்டிக்கொள்ளுமாம். அதனால் நல்லதாக ஒரு பழைய துப்பாக்கியை நாம் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால், அவருக்குத் தெரிந்த துப்பாக்கி ஆசாரி ஒருவர் அதன் குழலை வெட்டிக் குட்டையாக்கி, மழைக்கு ஊறாத கட்டை பொருத்தி, ஆளுக்கு அளவாகச் செய்து கொடுப்பாராம். அப்பா வேட்டை லைசென்ஸ் எடுத்துக்கொண்டு, கோபாலசாமி அங்கிளையும் எங்களையும் கூட்டிக்கொண்டு ஓர் அடகுக் கடைக்குப் போனார். கோபாலசாமி அங்கிள் எங்கள் அப்பார்ட்மென்ட்டில் எல்லோருக்கும் பழைய கார் வாங்கித் தருபவர். துப்பாக்கி பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒவ்வொன்றையும் தலைகீழாகத் திருப்பி அடியில் துரு இருக்கிறதா என்று பார்த்தார். "பாஸ், ரீசேல் வேல்யூ முக்கியம் பாஸ். ஆக்ஸிடென்ட் ஏதாவது ஆயிருக்கான்னு கேளுங்க."

முதல் துப்பாக்கி டுவைன் அங்கிள் ஃபோனில் சொன்ன மாதிரியே குட்டையாக, லேசாக இருந்தது. அப்பாவுக்குக் கடைக்காரரின் டெக்ஸஸ் இங்கிலீஷ் புரியாது. நான்தான் நடுவில் நிற்க வேண்டும். "அம்முணி, இதுக்கு முன்னாடி யாரு வெச்சிருந்தாங்கன்னு கேளு கண்ணு" என்றார். கேட்டேன். ஒரு தாத்தா வைத்திருந்தாராம், அவர் இறந்ததும் அவர் மனைவி கொண்டுவந்து விற்றாராம். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏனுங்க, செத்தவரு சாமானெல்லாம் நம்மூட்டுக்கு ஆகாதுங்க" என்றாள். முடிந்தது. இரண்டாவது துப்பாக்கியில் துருவே இல்லை. கோபாலசாமி அங்கிள் அதன்மேல் உயிரையே வைத்தார். அப்பா இரும்பில் செதுக்கியிருந்த எண்ணைக் கூட்டிப் பார்த்தார். எட்டு. எட்டு என்றால் சனி. கார் நம்பர் எட்டு வந்தது என்று முன்பு ஒருமுறை நம்பர் பிளேட்டையே மாற்றி வாங்கியவர் அவர். "பாஸ், சனி மானுக்குத்தான பாஸ்?" என்று அங்கிள் எவ்வளவோ சொன்னார். நடக்கவில்லை.

மூன்றாவது துப்பாக்கியின் எண்ணைக் கூட்டினால் ஐந்து. புதன். அப்பா முகம் மலர்ந்தது. எண்ணைத் தவிர அதில் வேறெதையும் அவர் பார்க்கவில்லை. கடைக்காரர் முகம் அதைவிட அதிகமாக மலர்ந்தது, ஏன் என்று நாங்கள்தான் யோசிக்கவில்லை.

ஆசாரியின் பட்டறைக்குப் போன வாரம் போனோம். ஆயுத பூஜை சமயம் என்பதால் அம்மா சந்தனம், குங்குமம், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்து வந்திருந்தாள். டுவைன் அங்கிளும் வந்திருந்தார். குழலை வெட்டி வேலை முக்கால்வாசி முடிந்திருந்தது. அப்பா அதைத் தோளில் வைத்து, ஒரு குண்டு சுட்டபின் அடுத்த குண்டுக்காக இழுக்கிற பிடியைத் தேடினார். கிடைக்கவில்லை. பிடி அந்தப் பக்கம் இருந்தது. கூட்டினால் ஐந்து வருகிற அந்தத் துப்பாக்கி இடது கைக்காரர்களுக்காகச் செய்தது.

டுவைன் அங்கிள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, உங்கள் வீட்டில் யாராவது இடது கைக்காரர்கள் உண்டா என்று கேட்டார். நான் மொழிபெயர்க்காமல் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆனால் அம்மாவுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் எப்படியோ புரிந்துவிட்டது. "பீச்சாங்கைதான? இதா நிக்கறா பாருங்க. சோத்தையே அதுலதான் அள்ளுவா. எத்தன அடி வாங்குனாலும் புத்தியில்ல" என்று, புகார் சொல்கிற மாதிரி என்னை முன்னால் தள்ளினாள். ஆசாரி டேப்பை எடுத்து என் கையை அளந்து, கட்டையை அந்த அளவுக்கே வெட்டிவிட்டார். இனி அதைக் கடையில்கூடத் திருப்பித் தர முடியாது. டுவைன் அங்கிள் என்னை வேட்டைப் பாதுகாப்பு வகுப்பில் சேர்த்துவிட்டார். அம்மா என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமல் துப்பாக்கிக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தாள்.

தெரிந்த பிறகு இரண்டு நாள் சமைக்கவில்லை. அப்பா மட்டும், "மேனேஜரே சொல்லிட்டாரு கண்ணு, நான் பக்கத்துலயே உக்காந்திருப்பேன்" என்கிறார். அதுதான் எனக்குப் பெரிய பயம். சத்தம் போடாமல் உட்காரப் பழகுகிறோம் என்று பால்கனியில் என்னை உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷத்தில் தும்மி, கொட்டாவி விட்டு, கீழே போன கோபாலசாமி அங்கிளிடம் டயர் விலை கேட்டார். மாமா, எனக்கு இருட்டென்றால் பயம். பட்டாசுக்குக் காதைப் பொத்துகிறவள் நான். மான் என்னைத் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வதென்று வகுப்பில் சொல்லித் தருவார்களா என்றும் தெரியவில்லை. அப்பா எதிர்த்துப் பேசாத ஒரே ஆள் நீங்கள். உடனே ஃபோன் செய்து, "மாப்ள, புள்ளையக் காட்டுக்கு அனுப்பாத" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்கள். நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம். கனவு கண்டதாகச் சொல்லுங்கள். கனவென்றால் அவர் மறுக்கமாட்டார்.

அத்தையின் காலை இங்கிருந்தே தொட்டதாக வைத்துக்கொள்ளவும். கவினை நன்றாகப் படிக்கச் சொல்லவும். படித்தால் இங்கே வந்து இப்படியெல்லாம் அனுபவிக்கலாம்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
எழிலரசி

பின்குறிப்பு: தபால்தலை கிடைக்காமல் இதை அனுப்பத் தாமதமாகிவிட்டது. அதற்குள் சனிக்கிழமை, வகுப்பு முடிந்து, சுடப் பழகும் இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். முதல் குண்டைக் கண்ணை மூடிக்கொண்டு சுட்டேன், மண்ணில் போனது. டுவைன் அங்கிளின் மனைவி பெக்கி ஆன்ட்டி, கண்ணைத் திறந்துகொண்டு செய்தால் இன்னும் சுலபம் என்றார். சுலபமாகத்தான் இருந்தது. அடுத்த மூன்றும் வட்டத்துக்குள். டுவைன் அங்கிள் சந்தோஷத்தில் காருக்குப் போய், பையிலிருந்த பேப்பரை எடுத்துவந்து அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். அப்பா வீட்டுக்கு வரும் வழியிலேயே, "கையெழுத்து வந்துருச்சு கண்ணு, இனி காட்டுக்கெல்லாம் எதுக்கு? காய்ச்சல்னு சொல்லிக்கலாம்" என்கிறார். மாமா, மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். உடனே ஃபோன் செய்து, "மாப்ள, புள்ளையப் போக விடு, நீ மட்டும் வீட்டுல இரு" என்று சொல்லுங்கள். பெக்கி ஆன்ட்டி என்னுடன் உட்காருவார்; அவர் தும்முவதில்லை. மான் வந்தால் சுடுவாயா என்று நீங்கள் கேட்கக்கூடும். அது எனக்கும் மானுக்கும் உள்ள விஷயம்.