சூப்பர்வைசர் இடம் பண்ணினார்

“உங்களுக்கு அனுப்பின மெயில் திரும்பி வந்திடுச்சு சார்” என்றாள் பணியாளர் பிரிவுப் பெண். “உங்க பெட்டி நிரம்பிப் போச்சாம். உள்ள இடமே இல்லையாம்.”

சூப்பர்வைசர், கூரையைத் தொடும் அளவுக்கு அடுக்கிய மெத்தைகளுக்கு நடுவில் நின்று, ஏற்கெனவே எண்ணிய மெத்தைகளை இன்னொரு முறை எண்ணிக்கொண்டிருந்தார். அது ஒரு மெத்தைக் கம்பெனியின் கிடங்கு. ஊரையே தூங்க வைக்கும் அந்தக் கம்பெனிக்கு, தன் ஊழியர்களுக்கென்று ஒரு மெயில் வசதி செய்து கொடுக்க மட்டும் கை வராது. உத்தரவெல்லாம் அவரவர் சொந்த முகவரிக்குத்தான் போகும். மெயில் போய்ச் சேர்ந்து, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று பதிலும் வந்துவிட்டால் உத்தரவு செல்லும், வராவிட்டால் செல்லாது என்பது முதலாளி போட்ட சட்டம்.

“என்ன மெயிலும்மா அது?”

“நியமன உத்தரவு சார். அதுக்கு மேல நான் சொல்லக் கூடாது.”

நியமனம் என்ற சொல் காதில் விழுந்ததும் சூப்பர்வைசரின் தொந்தி உள்ளே போய், மார்பு வெளியே வந்தது. மேனேஜர் வேலையை விட்டுப் போனதிலிருந்து அவருடைய கண்ணாடி அறை காலியாகத்தான் கிடந்தது. ஆள் இல்லாத சமயமாகப் பார்த்து அந்தச் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, வலப்பக்கம் ஒரு சுற்று, இடப்பக்கம் ஒரு சுற்று சுற்றி, தலை கிறுகிறுத்து இறங்கிய அனுபவமும் அவருக்கு உண்டு. நாற்காலியை நாலு கோணத்தில் படமும் எடுத்து வைத்திருந்தார்.

“மறுபடி அனுப்பறேன் சார். ஆனா அவசரம் ஒண்ணும் இல்ல. நீங்க மெதுவாவே இடம் பண்ணுங்க.”

மெதுவாகவாம். சூப்பர்வைசருக்கு உடனே புரிந்துவிட்டது. அவருக்கு எல்லாமே உடனே புரிந்துவிடும், தப்பாக. ஆபீஸ் கணக்கரை அந்த நாற்காலியில் உட்கார வைக்க இவள் வழி பார்க்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்.

மெத்தைகளுக்குப் பின்னால் ஒதுங்கி போனைத் திறந்தார். மெயிலுக்கும் போட்டோவுக்கும் ‘கிளவுட்’ என்கிற மேகத்தில் இருந்தது ஒரே இடம். அதிலும் ‘ஒரே குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு கணக்கு’ என்று தன் போனையும் மனைவியின் போனையும் ஒரே கணக்கில் கட்டிப் போட்டிருந்தார். அந்தச் சாதனையைப் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடமெல்லாம் சொல்லியும் இருந்தார்.

உள்ளே இருந்தவற்றில் பாதி சூரியன். தினமும் விடியற்காலையில் ஒரே பால்கனியில் நின்று, ஒரே சூரியனை, ஒரே தண்ணீர்த் தொட்டிக்கு மேலே வைத்துப் படம் பிடிப்பது அவர் வழக்கம். தான் போனைத் தூக்கிய பிறகுதான் சூரியன் வருகிறது என்று அவருக்கு ஒரு நினைப்பு. அடுத்தபடியாக அவருடைய கட்டைவிரல். அதற்கும் அடுத்தபடியாக, தெரியாமல் விரல் பட்டு ஓடிய வீடியோக்கள். அவற்றில் சட்டைப் பையின் உட்புறம் மிகத் தெளிவாகத் தெரிந்தது.

இதில் எதையும் அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. மனைவி எடுத்தவற்றைப் பார்த்தார். பூட்டு, பூட்டு, பூட்டு. வெளியே கிளம்பும்போதெல்லாம் வாசல் கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, பூட்டை ஒரு படம் எடுத்துக்கொண்டால்தான் அந்த அம்மாளுக்கு நிம்மதி.

“பூட்டுக்கு என்ன ஆல்பம் வேண்டிக் கிடக்கு” என்று முனகிக்கொண்டே மொத்தத்தையும் அழித்தார்.

சிறிது நேரத்தில் மனைவி போனில் கூப்பிட்டாள்.

“ஏங்க, பூட்டைக் காணோங்க.”

“என்னது?”

“பூட்டைக் காணோம். நான் தங்கச்சி வீட்ல இருக்கேன். நீங்க உடனே வீட்டுக்கு ஓடுங்க.”

சூப்பர்வைசர் ஓடினார். வழியில் கிடைத்த மூன்று சக்கர வண்டி, மீன் ஏற்றிய வேன் எல்லாவற்றிலும் தொற்றி, ஒரு செருப்பைத் தெருவுக்குத் தானம் செய்துவிட்டு வீடு வந்து சேர்ந்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து மனைவியும் மூச்சிரைக்க வந்தாள். கதவில் பூட்டு பத்திரமாகத் தொங்கியது.

“பூட்டு இருக்கே” என்றார்.

“போன்ல இல்லையே. சோபால உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கேன், கண்ணு முன்னாலயே மறைஞ்சு போச்சுங்க.”

சூப்பர்வைசர் தொண்டையைச் செருமினார். விஷயம் வெளியே வந்தது. அதன் பிறகு அவள் பேசியதில், இங்கே எழுதக் கூடியது ‘நீங்களும் ஒரு மனுஷனா’ என்பது மட்டும்தான்.

இத்தனை கலவரத்துக்குப் பிறகும் இடம் கடுகளவும் காலியாகவில்லை. மைத்துனனுக்குச் சொல்லி அனுப்பினார். மைத்துனனுக்கு டவர் என்று பெயர். எங்கே போனாலும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து நிற்பான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்வான். கம்ப்யூட்டர்களை அட்டைப் பெட்டிக்குள் இறக்கி டேப் ஒட்டும் பிரிவு என்பதைச் சொல்லிக்கொள்ள மாட்டான்.

“அழிச்சா போயிடும்னு நினைச்சீங்களா மாமா?” என்று சிரித்தான் டவர். “அழிச்சதெல்லாம் குப்பைத்தொட்டிக்குப் போகும். குப்பைத்தொட்டியும் உங்க இடத்துலதான் இருக்கு.”

“அப்ப தொட்டியைக் கவுத்துடு மாப்ள.”

“ஐயோ, அவசரப்படாதீங்க. முதல்ல எல்லாத்துக்கும் ஒரு நகல் எடுத்து வச்சுடணும். எங்க லைன்ல அதான் பாலபாடம்.”

“நகலை எங்க வைப்பே?”

“மேலதான். ஒரு மாசத்துக்கு இனாமா இன்னொரு மடங்கு இடம் தர்றான் மாமா. அதை வாங்கிட்டேன்.”

யோசித்திருந்தால், அந்த இனாம் இடத்திலேயே அந்த நிமிஷம் மெயில் வந்து விழுந்திருக்கும். ஆனால் யோசிப்பதற்கு அந்த அறையில் ஆள் இல்லை. டவர் சாப்பிட்டு ஏப்பம் விட்டு முடிப்பதற்குள், எல்லாச் சூரியனும் எல்லாக் கட்டைவிரலும் இரண்டிரண்டாகி, இனாம் இடமும் நிரம்பிவிட்டது. இடம் நிரம்பியதைக் காட்டும் சிவப்புக் கோடு முன்பைவிட நீளமாக மின்னியது.

“இப்ப என்னடா?”

“இப்ப எல்லாம் ரெண்டு ரெண்டா இருக்கில்ல மாமா. ஒரே மாதிரி இருக்கிறதுல ஒண்ணை மட்டும் வச்சுட்டு இன்னொண்ணைத் தூக்கிடற ஆப் ஒண்ணு இருக்கு. அதைப் போட்டுடறேன்.”

போட்டான். ஆப் சுறுசுறுப்பாக வேலை செய்தது. மறுநாள் காலை, மனைவி போனும் கையுமாக வந்து நின்றாள்.

“தங்கச்சியும் நானும் தனித்தனியா எடுத்த போட்டோல்லாம் இருந்துச்சே. இப்ப அவளோடது மட்டும் இருக்கு. என்னோடது எங்க?”

சூப்பர்வைசர் டவரைப் பார்த்தார். டவர் கூரையைப் பார்த்தான்.

“அது வந்துக்கா, மூஞ்சி ஒரே ஜாடையா இருந்தா, ரெண்டும் ஒரே ஆளுன்னு ஆப் நினைச்சுக்கும்.”

“நினைச்சுக்கட்டும். எதை வச்சு அவளை விட்டுட்டு என்னைத் தூக்குச்சு?”

“ரெண்டுல எது நல்லா இருக்கோ…” என்று தொடங்கிய டவர், தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக ஒரு வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தினான்.

“இதை நீங்க பாத்துக்கிட்டா இருந்தீங்க?” என்று அவள் கணவன் பக்கம் திரும்பினாள்.

“அது மெஷின்மா. அதுக்கு என்ன தெரியும்? நல்லா இருக்கிறதுன்னா, வெளிச்சத்தைச் சொல்லுது” என்றார் சூப்பர்வைசர். அதோடு நிறுத்தியிருக்கலாம். “உன் தங்கச்சி எப்பவும் வெளிச்சமாத்தான் இருப்பா” என்று சேர்த்துக்கொண்டார்.

மனைவி குப்பைத்தொட்டியைத் திறந்தாள். தன்னையும் பூட்டுகளையும் ஒன்று விடாமல் பழைய இடத்துக்கே மீட்டுக் கொண்டுவந்தாள். கூடவே கட்டைவிரல்களும் சட்டைப் பைகளும் திரும்பி வந்தன. சிவப்புக் கோடு அசையாமல் நின்றது. டவர் தனக்கு டவர் கிடைக்கவில்லை என்று சொல்லி மாடிக்குப் போனவன், பின்பக்கப் படி வழியாக இறங்கிப் போயே விட்டான்.

ஆபீசுக்குக் கிளம்பும் நேரத்தில் பணியாளர் பிரிவுப் பெண் போனில் வந்தாள்.

“சார், முதலாளி இப்பவே கடைசியா ஒரு தடவை அனுப்பச் சொல்றார். இதுவும் திரும்பி வந்துட்டா, உத்தரவு அடுத்தவர் பேருக்கு மாறிடும்.”

“அடுத்தது யாரு, கணக்கரா?”

“ஆமா சார். அதனால நீங்க பதட்டப்படாதீங்க. எதையும் தொடாம அப்படியே விட்டுட்டீங்கன்னாலும் சரி.”

“எனக்குப் புத்தி சொல்றியா? பத்து நிமிஷம் பொறு. இடம் பண்றேன்.”

மனைவி குளியலறைக்குள் இருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சூப்பர்வைசர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ‘எல்லாவற்றையும் தேர்வு செய்’ என்றிருந்ததை அழுத்தினார். கல்யாண ஆல்பம், மகள் முதன்முதலாக நடந்தது, மனைவி, மனைவியின் தங்கை, பூட்டு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றின் மேலும் நீல நிறத்தில் ஒரு குறி விழுந்தது. அழித்தார். குப்பைத்தொட்டியையும் கவிழ்த்தார். ‘நிரந்தரமாக நீக்கலாமா, மீட்க முடியாது’ என்று போன் கேட்டது. அவரைவிட அதற்குப் பொறுப்பு அதிகம். அவர் ‘ஆம்’ என்றார்.

சூரியன்கள் வரிசையாக அஸ்தமித்தன.

சற்று நேரத்தில் மணியோசையோடு மெயில் வந்து விழுந்தது. ‘தங்களுக்கு மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்வது’ என்று தொடங்கியது. இதற்கு மேல் படிப்பது மேனேஜர்களுக்கு அழகல்ல என்று நினைத்தாரோ என்னவோ, உடனே பதில் தட்டினார்: ‘மனமார ஏற்றுக்கொண்டேன். இந்தப் பொறுப்புக்குத் தகுதியானவர் என்னைத் தவிர இங்கே எவரும் இல்லை.’

தலையைத் துவட்டிக்கொண்டே மனைவி வந்தாள். முதலில் தன் போனைப் பார்த்தாள். அதில் ‘படங்கள் எதுவும் இல்லை’ என்றிருந்தது. வாயைத் திறந்தாள்.

“எதுவும் பேசாதே” என்று கையைக் காட்டித் தடுத்தார் அவர். “பேசறதுக்கு முன்னாடி இதைப் படி. சத்தமாப் படி.”

அவள் படித்தாள். சத்தமாகவே படித்தாள்.

‘உப்பளங்களுக்கு அப்பால் மூடிக் கிடக்கும் நமது பழைய கிடங்கின் தனிப் பொறுப்பாளராக, இப்போதுள்ள சம்பளத்திலேயே, தாங்கள் நியமிக்கப்படுகிறீர்கள். வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பிய மெத்தைகளைப் பாதுகாப்பது தங்கள் பணி. அங்கேயே தங்க வேண்டும். கட்டில் இல்லை, மெத்தைகள் உண்டு. அங்கே போனுக்கு சிக்னல் கிடைக்காது.’

சூப்பர்வைசர் போனைப் பிடுங்கித் தானே ஒரு தடவை படித்தார். எழுத்துகள் மாறவில்லை.

“என்னங்க இது?”

“ஏதோ தப்பு நடந்திருக்கு” என்றார் ஈனக் குரலில். “நீயும் கூட வருவேல்ல?”

“குடும்பத்தையே மொத்தமா அழிச்சு முடிச்சாச்சே. இனிமே கூட யார் வரணும்? தனியாவே போங்க. நான் பூட்டிக்கிறேன்.”

ஆபீசுக்குப் பறந்தார். கண்ணாடி அறைக்குள் நாற்காலியைக் காணவில்லை. அழுக்குப் படிந்த மெத்தைகளைச் சாத்தி வைத்திருந்தார்கள். பணியாளர் பிரிவுப் பெண்ணின் மேஜை மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“அந்த பதிலை நான் வாபஸ் வாங்கிக்கிறேன்மா.”

“முடியாது சார். முதலாளி பார்த்துட்டார். நீங்க எழுதின வரியைச் சட்டம் போட்டுச் சுவத்துல மாட்டப் போறாராம்.”

“அந்த இடத்துக்கு என் பேரை யாரும்மா சொன்னது? மத்தவங்கள்லாம் எப்படித் தப்பிச்சாங்க?”

அவள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தாள்.

“உங்களுக்கு முன்னாடி இருந்த எல்லாருக்கும் வரிசையா அனுப்பி, எல்லார்கிட்டேருந்தும் திரும்பி வந்த உத்தரவு சார் அது. தன் பெட்டியில இடம் காலியாயிடக் கூடாதுன்னு கணக்கர் ஒரு வாரமா வெறும் சுவரை வீடியோ எடுத்து மேல ஏத்திக்கிட்டிருக்கார்.”