ஸ்டீம் பாயும் கட்டாத மாடியும்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். பிழைகளும் இருக்கும். அஞ்சாவதோடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆம்பூரில் ஸ்டீம் பாய் அளவுக்குப் பயந்தவரும் இல்லை, தன் பயத்தை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தவரும் இல்லை.

தோல் தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்தவர், அதனால் வந்த பெயர். வேலையை விட்ட பிறகு டீக்கடைப் பாய்லர்கூட அவர் கண்ணுக்கு வெடிக்கப்போகிற சாமான்தான். டீயை வாங்கிக்கொண்டு எதிர்ப்பக்கம் போய் நின்று குடிப்பார்.

என் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மார்கழிக் குளிர். பிள்ளை வீட்டுக்கு வருவதற்குள் சுடுதண்ணிக்குப் பாய்லர் மாட்டியாக வேண்டும். விஷயம் தெரிந்தவர் என்று பாயைக் கடைக்கு அழைத்துப் போனேன்.

"சேஃப்டி வால்வு எங்க?" என்றார். கடைக்காரர் காட்டினார்.

"இன்னொண்ணு?"

"பாய், இது குளிக்கறதுக்கு. தோல் பதப்படுத்த இல்ல."

பாய் என் பக்கம் திரும்பினார். "மேல ரூம் போடப்போறன்னியே, எத்தினி பேரு இருப்பாங்க?"

"இப்ப காக்கா மட்டும்தான் பாய்."

"சிரிக்காத. மாடி வந்தா தண்ணித் தொட்டி இன்னும் மேல போவும். பிரஷர் ஜாஸ்தி. இது தாங்கலன்னா இன்னா பண்ணுவ? சின்னதா வாங்கினா மேல இருக்கறவங்களுக்குக் கம்மியாய்டும்."

இல்லாத மாடியில் யாரோ குளிரில் நடுங்குவது போல எனக்கும் தோன்றிவிட்டது. எதிர்த்துப் பேச எனக்கு வராது. வெறுங்கையோடு திரும்பினோம். மறுநாளும் அப்படியே. அதற்குள் பேரன் பிறந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிற நாளும் வந்துவிட்டது.

என் மனைவி பாயிடமே கேட்டுவிட்டாள். "மாடி கட்டி முடிச்சிட்டு புள்ளயக் குளிப்பாட்டலாமா பாய்?"

பாய் நேரே கடைக்குப் போனார். அழுத்தம் தாங்குகிற நடுத்தரப் பாய்லர் ஒன்றோடு திரும்பினார். கூடவே பிளம்பர். வரப்போகிற அறைக்காகச் சுடுதண்ணிக் குழாயை மொட்டைமாடி வரை ஏற்றி, முனையில் மூடி போட்டார்கள். சுவிட்சு போடும்போது பாய் எங்கள் எல்லாரையும் தெருவுக்குத் துரத்தினார்.

"நீங்களும் வாங்க பாய்."

"யாராவது பக்கத்துல இருக்கணும் இல்ல" என்று உள்ளேயே நின்றுகொண்டார். தண்ணீர் சுடும்வரை வெளியே வரவில்லை. பேரன் வந்து சுகமாகக் குளித்தான்.

இப்போது அவனுக்கு ஒரு வயசு, நடக்கிறான். அறை இன்னும் எழும்பவில்லை. பாய் மட்டும் வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் வந்து மாடியேறி, அந்த மூடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். போன வாரம் அவருக்குக் காய்ச்சல், வரவில்லை. நானே ஏறித் தொட்டுப் பார்த்தேன். பிறகு அவர் வீட்டுக்குப் போய், "கசியல பாய்" என்றேன். அதன் பிறகுதான் கஞ்சியைக் கையில் வாங்கினார்.

எழுதி முடித்தது: தை மாதம், நாலாம் தேதி.