தினம் ஒரு துக்க விசாரிப்பு

வேலை போவது ஒரே நாளில் முடிந்துவிடுகிற விஷயம். அதைப் பற்றி விசாரிக்க வருகிறவர்களுக்குப் பதில் சொல்வதுதான் முழுநேர உத்தியோகம்.

உலகம் முழுக்கக் கம்பெனிகள் ஆட்களைக் கழற்றிவிட்டுக்கொண்டிருந்த 2009ஆம் வருடம். சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருந்த நானும் கழன்று, ஐப்பசி மழையில் பெட்டியோடு திருமலைராயன்பட்டினம் வந்து இறங்கினேன். லீவு என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்று நினைத்திருந்தேன். தலையணையையும் கையில் எடுத்துக்கொண்டு வந்தவனை யார் நம்புவார்கள்? சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால்கூட மன்னித்துவிடுவார்கள். துக்கத்துக்குப் போகாவிட்டால் ஜென்மத்துக்கும் பேச்சுவார்த்தை இருக்காது. எனவே தெருவே வந்தது. மீன் ஏலத்தை முடித்துக்கொண்டு அப்பாவின் கூட்டாளிகள் வந்து, தலையைக் குனிந்தபடி உட்கார்ந்தார்கள். நெடுங்காட்டிலிருந்து சித்தப்பா நனைந்துகொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்புடிடா ஆச்சு? முன்னாடியே ஏதாச்சும் தெரிஞ்சுச்சா?"

"இல்ல சித்தப்பா. திடீர்னுதான்."

"கடைசியா என்ன சொன்னாங்க?"

(அட்டையை வச்சிட்டுக் கிளம்புன்னாங்க. வேற என்ன சொல்லுவாங்க?) கிளம்பும்போது சித்தப்பா "போயிட்டு வர்றேன்" என்று சொல்லவில்லை. சாவு வீட்டில் சொல்லக்கூடாது அல்லவா. அம்மா உள்ளே போய் அழுதாள்.

வேலை தப்பிய நண்பன் முரளி, சென்னையிலிருந்து போனில் ஒரு வழி சொன்னான். உத்தியோகத்தில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் தெரிந்துவைத்துக்கொள்ள ஒரு வலைத்தளம் உண்டு. அதில் நானும் பெயரைக் கொடுத்துவிட்டு மறந்திருந்தேன். "அதுல தினம் ஒண்ணு எழுதுடா. ஒரு நாள் விட்டாலும் ஆளையே மறந்துடுவாங்க" என்றான்.

அன்றிலிருந்து தினமும் குடை பிடித்துக்கொண்டு காரைக்காலுக்குப் பஸ் ஏறி, பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். முதல் நாள் "புதிய தொழில்நுட்பங்களைக் கற்று வருகிறேன்" என்று இங்கிலீஷில் எழுதினேன். மறுநாள் "தொடர்ந்து கற்று வருகிறேன்" என்றேன். அதற்கடுத்த நாள் கைவசம் சரக்கு இல்லை. அன்று நான் செய்த ஒரே வேலை, அப்பாவுக்கு ஐஸ் பெட்டி தூக்கியதுதான். அதை எழுதினால் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. தினமும் யாராவது ஒருவர் தனக்கு வேலை போய்விட்டதாக அங்கே எழுதிக்கொண்டிருந்தார். கெட்ட செய்தி காதில் விழுந்தும் கேட்காமல் இருந்தால் நான் எப்படி எங்கள் ஊர்க்காரன்? ஒவ்வொருவரிடமாகப் போய் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தேன். எழுத விஷயமும் கிடைத்தது, புண்ணியமும் கிடைத்தது. சிலர் நன்றி சொன்னார்கள். முன்பின் தெரியாத ஒரு பெங்களூர்க்காரர், நான் ஒருவன்தான் கேட்டேன் என்று எழுதியிருந்தார். எனக்குக் கொம்பு முளைத்துவிட்டது.

இதற்கிடையே சென்னையில் ஒரு கம்பெனி மேனேஜர், பெயர் ராகவன், போனிலேயே இன்டர்வியூ முடித்து, "ஆர்டர் அடுத்த வாரம் வந்துடும், ரெடியா இருங்க" என்று சொல்லியிருந்தார். அம்மா எனக்குப் புதுச்சட்டை எடுத்துவிட்டாள். அடுத்த வாரம் ஆர்டருக்குப் பதில் முரளியின் போன்தான் வந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு டிபார்ட்மென்ட்டையே மூடிவிட்டார்களாம். ராகவனையும் சேர்த்து அனுப்பிவிட்டார்களாம்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இருந்தாலும் அன்றைக்கு இன்னும் எதுவும் எழுதவில்லையே என்ற நினைப்பும் கூடவே வந்தது. மழையில் பஸ் பிடித்து ஓடினேன். தெருவில் தண்ணீர் ஏறுகிறது என்று பிரவுசிங் சென்டர்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். "சீக்கிரம் தம்பி!" என்றார். ராகவனின் பக்கத்தைத் திறந்து, எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன்.

"தங்களுக்கு வேலை போன செய்தி கேட்டுத் துடித்துப்போனேன். போன வியாழக்கிழமைகூட என்னிடம் நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தீர்கள். தங்கள் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்."

மறுநாள் ராகவனே கூப்பிட்டார்.

"யாருங்க உங்களை இதெல்லாம் எழுதச் சொன்னது?"

"சார், ஒரு ஆறுதலுக்கு..."

"வீட்டுல நான் இன்னும் சொல்லலைங்க. தினமும் பையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிப் போயி பீச்சுல உட்கார்ந்துட்டு, சாயங்காலம் திரும்பி வந்துட்டு இருந்தேன். வேற வேலை கிடைச்சதும் சொல்லிக்கலாம்னு நெனச்சேன். நீங்க எழுதினதை என் மச்சான் பார்த்துட்டார். இப்ப மாமனார் வீட்டுல எல்லாரும் வந்து ஹால்ல உட்கார்ந்திருக்காங்க. ஒருத்தரும் பேச மாட்டேங்கறாங்க."

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் பழக்கதோஷத்தில் வாயில் வந்தது வேறு.

"எப்படி சார் ஆச்சு?"

திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவரோ சொல்ல ஆரம்பித்தார். கூப்பிட்டு உட்காரவைத்தது, அடையாள அட்டையைக் கழற்றி வாங்கியது, லிப்டில் தனியாக இறங்கியது என்று எல்லாவற்றையும் சொன்னார். "என் பொண்டாட்டி ஒரு வார்த்தை கேக்கலைங்க. நான் பீச்சுக்குப் போனதை நெனச்சு நெனச்சுத்தான் அழறா" என்றார். நான் இந்தப் பக்கம் "ம்" கொட்டிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு அவர் என்னைக் கூப்பிடவே இல்லை. கூப்பிட எனக்கும் முகமில்லை.

அந்தத் தளத்தில் அதோடு எழுதுவதை விட்டேன். வேலை பின்னால் பாண்டிச்சேரியில் கிடைத்தது, எதுவும் எழுதாமலேயே. ஆனால் நடந்ததை வீட்டில் சொன்னதில் எனக்கு விழுந்த பெயர் மட்டும் போகவில்லை. யாராவது ரகசியம் பேசினால் அக்கா உடனே, "தம்பி இருக்கான், பார்த்துப் பேசுங்க. ஷட்டர் எறக்குறதுக்குள்ள போட்டுருவான்" என்பாள்.

சில வருடங்கள் கழித்து, கல்யாணமும் ஆன பிறகு, அந்த வேலையும் போயிற்று. பையோடு ஆபீசை விட்டு வெளியே வந்தேன். பாண்டிச்சேரியிலும் கடற்கரை இருக்கிறது. அந்தப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தும் விட்டேன். பிறகு திரும்பி வீட்டுக்குப் போய், செருப்பைக் கழற்றும் முன்பே மனைவியிடம் சொன்னேன். அவள் பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அக்காவுக்குப் போன் போட்டு என் கையில் கொடுத்தாள். வேலை போனதைச் சொன்னேன்.

"வீட்டுல நீயே சொல்லிட்டியா? இல்ல, நான் போட்டுவிடவா?" என்றாள் அக்கா.

"சொல்லிட்டேன்க்கா."

சிரிக்கத்தான் முயன்றேன். மனைவி வந்து போனை என் கையிலிருந்து வாங்கி, "அப்பறம் பேசறேன் அண்ணி, இவரு அழறாரு" என்றாள்.